உரிமையாளர் மாடத்துக் கைப்பிடி

இன்ஸ்பெக்டர் ஐயா, இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கால்பந்து பிடிக்காது.

அணி எங்கள் அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு தம்பி நடத்தினான். சின்னவன்தானே, போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். அவன் மாரடைப்பில் போனதும் அது என்னிடம் வந்திருக்க வேண்டும். அவன் பெண்டாட்டியிடம் போனது. கோல்கீப்பர் மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை போட்டிருக்கிறான் என்று கேட்டவள் அவள். துக்கம் விசாரிக்க வந்த கூட்டத்துக்கு நடுவில் என்னிடம் சொன்னாள்: "உங்களுக்குத்தான் ஃபுட்பாலே பிடிக்காதே அத்தான். எதுக்கு உங்களுக்குத் தொந்தரவுன்னு எனக்கு எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவள் போனால் அணி எனக்குத்தான்.

உரிமையாளர் மாடம் மேல்தளத்தில். அதில் நாங்கள் இருவர்தான் உட்காருவோம். நம் அணி கோல் போட்டால் கைப்பிடிக் கம்பியில் வயிறு பதியச் சாய்ந்து கையாட்டுவது அவள் வழக்கம். கம்பியின் போல்ட்டுகளைக் கழற்றி, சும்மா செருகி வைத்தேன். கீழே பள்ளிப் பிள்ளைகள் உட்காருவார்களே என்று யோசித்தேனா என்றால், யோசித்தேன். அவள் ஒல்லியான பெண்மணி, பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தோன்றியது.

ஆனால் போல்ட்டைக் கழற்றிய நாளிலிருந்து நம் பயல்கள் கோல் போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மனிதன் எவ்வளவுதான் காத்திருப்பான்? நானே இறங்கினேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். இடது காலால் இடி மாதிரி உதைக்கும் பெயின்டர் ஒருவனைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தேன். கோச்சிடம், "நடுவுலயே முட்டிக்கிட்டு நிக்காதீங்கப்பா, ஓரமா கொண்டு போய்த் தூக்கிப் போடுங்க" என்றேன்.

"பெரியவரே, உங்களுக்கு ஃபுட்பால் பிடிக்காதுன்னுல்ல சொன்னாங்க?"

"பிடிக்காதுதான். ஒரே ஒரு கோல் வேணும். அப்புறம் நீங்க எக்கேடு கெட்டாலும் சரி."

சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. எல்லாம் அவள் சாவதற்காகத்தான், வேறொன்றுமில்லை. "அத்தான் இல்லன்னா இந்த டீமே இல்ல" என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். என் மனம் இளகவில்லை. போல்ட்டுகள் கழன்றபடியே இருக்கின்றனவா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசி ஆட்டம், முடியப் போகும் நேரம். நான் சொன்ன மாதிரியே பந்து ஓரத்திலிருந்து உயர்ந்து வந்தது. பெயின்டர் இடது காலை வீசினான். வலை குலுங்கியது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையை விட்டு மைதானத்துக்குள்ளேயே ஓடிவிட்டார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பியை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"கோல்" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கம்பியில் சாய்ந்தது நான்.