ஒன்றையொன்று தொடாத குறிகள்

மனிதகுலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்றோடு தொடங்குகிறேன்: நம் நகரத்தின் வரைபடத்தில் எந்த இரண்டு குறியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதல் வரியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ்களுக்காக நான் நிரல் எழுதி வரைந்த வெக்டர் வரைபடம் அது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசிறு தட்டாது. ஒரே ஒரு உறுத்தல். புதிதாகத் திறந்த இருதய ஆஸ்பத்திரியின் சிவப்புக் குறியும் பக்கத்துக் கட்டடத்து ரத்த வங்கியின் குறியும், பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு முண்டும் சம்பந்திகளைப் போல இடித்துக்கொண்டு நின்றன. நிரலில் சில வரிகள் சேர்த்தேன். முட்டினால் ஒன்று நாகரிகமாக விலகிக்கொள்ளும். ஆஸ்பத்திரி விலகியது, ஆற்றைத் தாண்டி அக்கரையில் போய் நின்றது. பார்க்க அவ்வளவு லட்சணம்.

படத்தைச் சோதித்துப் பார்க்கும் சகா மட்டும் முகத்தைச் சுளித்தார். "யோவ், அங்க வெறும் நாணல்தான்யா இருக்கு. ஆஸ்பத்திரி இக்கரையில."

"வரைபடத்தோட வெளியீட்டு விழா முடியட்டும், மாத்திடறேன்."

விழாவில் நான் நடக்கவில்லை, மிதந்தேன். 'பிழை என்ற சொல்லுக்கே இந்தப் படத்தில் இடமில்லை' என்று மேடையில் முழங்கினேன். முதல் வரிசையில் மச்சான், என் மனைவியின் அண்ணன், உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார். அதே கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஆம்புலன்ஸ் பறந்தது. ஓட்டுநர் ஊருக்குப் புதியவர். படம் காட்டுவதே அவருக்கு வழி.

"சார், பாலம் ஏறச் சொல்லுது. ஏறட்டுமா?"

மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க, உங்க படம்தானே? சரியாத்தானே இருக்கும்? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க."

மச்சானே ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து முனகினார். "மாப்பிள்ளை படம்... தப்பாகாது."

இருதயம் பலவீனமாக இருக்கும் ஒருவரின் நம்பிக்கையைக் குலைப்பது மருத்துவ முறைப்படியும் தவறு. பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆஸ்பத்திரி இருந்தது எனக்குத் தெரியும். சற்றுமுன் மேடையில் கேட்ட கைதட்டலும் காதிலேயே இருந்தது.

"ஏறுங்க" என்றேன்.

அக்கரையில் நாணல் நடுவே வண்டி நின்றது. ஓட்டுநரின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தேன். வண்டியைக் காட்டும் நீலப் புள்ளி, சிவப்புக் குறியின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது. மறைப்பானேன், எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. சரியாக அந்த இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

மச்சான் அங்கேயே இறந்துபோனார்.