இரண்டு பெட்டி பால்கோவா

"வீட்டுக்குத் தெரியாம பண்ணுன கல்யாணத்தை, நான் எழுதுன புரோகிராமே அப்பாட்ட சொல்லிருச்சுட்டி."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் முன்னிருக்கைப் பெண் தோழியிடம் இப்படிச் சொன்னதும், கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். அவள் ஏதோ நூற்பாலை அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவள் போலும்.

"எப்படிட்டி?"

"ஊழியர் டேட்டாபேஸ்ல 'திருமணம்'ங்கிற கட்டம் மாறுனா, உடனே அவிய வீட்டுக்கு வாழ்த்தும் பால்கோவாவும் போகணும்னு முதலாளி சொன்னாவ. நான்தான் எழுதிக் குடுத்தேன். இன்சூரன்ஸ்ல இவர் பேரைச் சேர்க்கணும்னு நேத்து என் கட்டத்தையே மாத்திட்டேன்."

"புத்தூருக்கே பால்கோவாவா! கூறுகெட்டவளே, உடனே பழையபடி மாத்த வேண்டியதுதானே?"

"மாத்துனேனே. மாறிருச்சான்னு மட்டுந்தான் அது பாக்கும், என்னவா மாறுச்சுன்னு பாக்காது. இன்னொரு பெட்டியும் போயிருச்சு. அப்பா வாசப்படி ஏத்துவாவளோ, என்னவோ."

தோழி சிரித்து முடிப்பதற்குள் கல்யாணப் பெண்ணின் கைபேசி ஒலித்தது. அவள் அதை எடுத்தாள். தகப்பனாரின் குரல் எனக்கும் தெளிவாகவே கேட்டது.

"ஏட்டி, ரெண்டு பெட்டி வந்திருக்கு. ஒரு மாப்பிள்ளையைத்தான் வீட்டுக்குள்ள விடுவேன். எவன்னு முடிவு பண்ணிக் கூட்டிட்டு வா."