கட்டைவிரல் பக்கத்துப் பட்டன்

பெயிண்டர்: ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது.

கடைக்காரர்: வாங்கண்ணே. சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் கணக்கைச் சொல்லக் கூடாதா?

பெயிண்டர்: சௌக்கியமா? ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது.

அக்கா: சபாஷ். பதில் சொல்லுடா தம்பி. ஷட்டரும் சுவரும் பளபளன்னு நிக்குது. அடிச்ச மனுஷன் கூலிக்காக மூணு மாசமா நடக்கிறாரு.

கடைக்காரர்: நீ கையில இருக்கிற போனை ரிப்பேர் பண்ணுக்கா. அந்தச் சால்டரிங் புகையோட சேத்து என் மானத்தையும் பறக்க விடாத... அண்ணே, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க.

பெயிண்டர்: எத்தனை ஞாயித்துக்கிழமை தம்பி...

கடைக்காரர்: இது வேற ஞாயிறுண்ணே. கம்ப்யூட்டர்ல சுடுற ஆட்டம் இருக்கில்ல, அதுல ஊர்ப் போட்டி. எறநூத்திப் பதினாறு பேர் சேந்தாங்க. கடைசியா மிச்சம் ரெண்டே பேர். அதுல ஒருத்தன் யாரு?

அக்கா: வயசு முப்பத்தெட்டு. தலையில பாதி காணோம். ஆட்டத்துல பேரு இடிதாங்கி.

கடைக்காரர்: அக்கா...

அக்கா: பரிசுப் பணம் வந்தா ரெண்டு மாசக் கடை வாடகை கட்டிடலாம், உங்க கடனும் தீரும். இதான் இவன் போட்டு வச்சிருக்கிற கணக்கு. வரலேன்னா கட்டடக்காரர் பூட்டோட வருவாரு. அப்ப ஷட்டரை இழுத்துச் சாத்தறதுக்காவது உங்க பெயிண்ட் அழகா இருக்கும்.

பெயிண்டர்: இன்னொரு ஆள் யாரு?

கடைக்காரர்: சித்தெறும்பு.

பெயிண்டர்: பேரே அதானா?

கடைக்காரர்: ஆட்டத்துல அதான் பேரு. ஆள் யாரு, எவருன்னு யாருக்கும் தெரியாது. ஆனா... அது ஆட்டம் இல்லண்ணே. நீங்க சுவரோரம் கோடு இழுப்பீங்களே, டேப் ஒட்டாம, ஒரே மூச்சுல... அந்த மாதிரி. ஒரு அசைவு வீண் கிடையாது. போட்டிக்கு முன்னாடி, சும்மா ஆடுறப்ப மூணு தடவை மோதினேன்.

அக்கா: மூணு தடவையும் மண்ணைக் கவ்வினான்.

கடைக்காரர்: கவ்வினேன். ருசியாத்தான் இருந்துச்சு. தோத்துட்டு எந்திரிச்சு நின்னு கை தட்டினேன்னா பாத்துக்குங்க.

அக்கா: தட்டினான். நான் கொசு அடிக்கிறான்னு நினைச்சேன்.

பெயிண்டர்: அவ்வளவு பெரிய ஆளை எப்படி ஜெயிக்கப் போறீங்க?

கடைக்காரர்: அதைக் கண்டுபிடிக்கத்தான் பத்து நாளா அந்த ஆட்டங்களையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஒரே ஒரு ஓட்டை இருக்கு. குண்டு வீசறதுக்கு முன்னாடி அரை நொடி தயங்குது. ஏன்னுதான் விளங்கல. மத்ததெல்லாம் மின்னல், இது மட்டும் மாட்டுவண்டி. அந்த அரை நொடியில நான் புகுந்தா உண்டு, இல்லேன்னா... சரி விடுங்க. உங்க பணம் ஞாயித்துக்கிழமை—

பெயிண்டர்: பணம் வேணாம் தம்பி.

கடைக்காரர்: ...என்னது?

அக்கா: அண்ணே, பதமாச் சொல்லுங்க. மயக்கம் போட்டுடுவான்.

பெயிண்டர்: பணத்துக்குப் பதிலா ஒரு மவுஸ் குடுங்க. கேம் ஆடுற மவுஸ். இடது கைக்கு.

கடைக்காரர்: அட! முன்னாடியே சொல்லக் கூடாதா? கடை முழுக்க அதான இருக்கு. பையனுக்கா?

பெயிண்டர்: வீட்டுல ஒரு ஆள் ஆடும்.

கடைக்காரர்: கம்ப்யூட்டர் எப்ப வாங்கினீங்க?

பெயிண்டர்: வாங்கல. ஒரு ஆபீசுக்கு வெள்ளை அடிச்சேன், கூலிக்குப் பதிலா பழசு ஒண்ணைத் தூக்கிக் குடுத்தாங்க. என் கூலி என்னைக்குத் தம்பி காசா வந்திருக்கு?

அக்கா: வாங்கிக்கடா. இது உனக்கு வேணும்.

கடைக்காரர்: இடது கைக்குன்னே வார்த்து வர்ற மவுஸ் இருக்குண்ணே. ஆறாயிரம். ஆர்டர் போட்டா ஒரு மாசம் ஆகும்.

பெயிண்டர்: ஆறாயிரத்துக்கு இன்னும் மூணு கடைக்கு அடிச்சு, மூணு பேருகிட்ட கடன் சொல்ல வேண்டியிருக்கும். வேற காட்டுங்க.

கடைக்காரர்: இது எண்ணூறு... வேணாம், இது வலது கைக்குன்னு வளைச்சது. இடது கையில பிடிச்சா அடுத்தவன் செருப்பைப் போட்ட மாதிரி இருக்கும். இந்தாங்க, இதைப் பாருங்க. ஆயிரத்து நூத்தி அம்பது. ரெண்டு பக்கமும் ஒரே வளைவு. எந்தக் கைக்கும் ஆகும்னு டப்பாவுலயே போட்டிருக்கான்.

பெயிண்டர்: பக்கத்துப் பட்டன் எங்க?

கடைக்காரர்: இதோ, இடது பக்கம் ரெண்டு.

பெயிண்டர்: வலது பக்கம்?

கடைக்காரர்: வலது பக்கம்... வழுவழுன்னு இருக்கு.

பெயிண்டர்: அப்ப வலது கைக்காரனுக்குக் கட்டைவிரல்ல பட்டன். இடது கைக்காரனுக்கு?

கடைக்காரர்: ...சுண்டுவிரல்ல.

பெயிண்டர்: உடம்பு ரெண்டு கைக்கும், பட்டன் ஒரு கைக்கு. டப்பாவுல போட்டவன் வலது கைக்காரனா இருப்பான்.

அக்கா: அண்ணே, இந்தக் கடையில உக்காருங்களேன். இவனை ஏணி மேல ஏத்தி விடலாம்.

கடைக்காரர்: இவ்வளவு விவரம் எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?

பெயிண்டர்: வீட்டுல கத்துக் குடுத்தாங்க. எழுத்தே அஞ்சு வருஷம் முன்னதான் கத்துக்கிட்டேன், மவுஸ் என்ன பெரிசு... இந்தாங்க, அளவும் கொண்டாந்திருக்கேன்.

கடைக்காரர்: இது உப்புத்தாள் இல்ல?

பெயிண்டர்: பின்பக்கம் திருப்புங்க. கையை வச்சு வரைஞ்சது.

கடைக்காரர்: அடடே... எத்தனை வருஷமா விக்கிறேன், கை அளவோட வந்த முத ஆள் நீங்கதான். இருங்க, ஸ்கேல் வச்சுப் பாக்கிறேன். சின்னக் கை. பதினாறரை சென்டிமீட்டர். அகலமான மவுஸ் ஆகாது. ஆமா, கோடு ஏன் இப்படி ஆடுது? நீங்க இழுத்தா நூல் பிடிச்ச மாதிரி இருக்குமே.

பெயிண்டர்: நான் இழுக்கல. தானே வரைஞ்சுக்கிச்சு. இடது கையைத் தாள்ல வச்சா, பென்சிலை வலது கையிலதானே பிடிக்கணும்?

அக்கா: வராத கையால வரைஞ்சதா! அப்படின்னா ரொம்ப நல்லாவே வரைஞ்சிருக்கு.

கடைக்காரர்: அண்ணே, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. சின்ன உடம்பு, எடை கம்மி. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டன். ரெண்டாயிரத்து நூறு, ஆனா சாமான் தங்கம். உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன். இப்ப ஆடுறது எந்த மவுஸ்?

பெயிண்டர்: பழைய கம்ப்யூட்டரோட வந்தது. இதே மாதிரி ஒரு பக்கப் பட்டன். குண்டு போடணும்னா சுண்டுவிரலை மடக்கி அமுக்கணும். மடக்கினா கை நகந்துடுது. நகந்தா குறி தப்பும். அதனால கையை நிறுத்தி, மடக்கி, அமுக்கி...

கடைக்காரர்: நிறுத்தி...

பெயிண்டர்: மடக்கி, அமுக்கணும்.

கடைக்காரர்: ...எவ்வளவு நேரம் ஆகும் அதுக்கு?

பெயிண்டர்: என்ன, ஒரு கண்ணு சிமிட்டற நேரம்.

அக்கா: என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உள்ள போய் எடு.

கடைக்காரர்: இல்ல... இப்பத்தான் ஞாபகம் வருது. அது தீந்துபோச்சு.

அக்கா: தீந்துபோச்சா?

கடைக்காரர்: தீந்துபோச்சுக்கா. அண்ணே, திங்கக்கிழமை புதுசு வந்துடும். வந்ததும் முத டப்பா உங்களுக்குத்தான். திங்கக்கிழமை, காலையிலயே.

பெயிண்டர்: ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த நாள்.

கடைக்காரர்: ...ஆமா.

பெயிண்டர்: சரி தம்பி. மூணு மாசம் நடந்த காலு, இன்னும் நாலு நாள் நடக்காதா? வரேன். வரேம்மா.

அக்கா: போயிட்டு வாங்கண்ணே... டேய்.

கடைக்காரர்: ஒண்ணும் பேசாத.

அக்கா: நேத்து ரெண்டு வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினவ நான்.

கடைக்காரர்: மெதுவாப் பேசு!

அக்கா: மெதுவாத்தான் பேசறேன். என்னடா ஆச்சு உனக்கு?

கடைக்காரர்: அதான் அந்த அரை நொடி. தயக்கமும் இல்ல, பயமும் இல்ல. சுண்டுவிரல்! அவரு வீட்டுல இருக்கிறதுதான் சித்தெறும்பு.

அக்கா: ...அடப்பாவி.

கடைக்காரர்: கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஒரு சாமானை வச்சுக்கிட்டு என்னை மூணு தடவை உருட்டியிருக்கு. எறநூத்திப் பதினாலு பேரைத் தாண்டி, சுண்டுவிரலாலயே சமாளிச்சு மேல வந்திருக்குக்கா! இது மனுஷப் பிறவியா என்ன... நல்ல மவுஸ் மட்டும் கையில இருந்தா அந்த ஆட்டம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரேன்!

அக்கா: நீ என்ன, பயப்படறியா சந்தோஷப்படறியா?

கடைக்காரர்: தெரியல. ரெண்டும்தான்.

அக்கா: வாடகை கட்டணும்னுதானே இல்லேன்னு சொன்ன?

கடைக்காரர்: ஆமா.

அக்கா: தப்புன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. நானும் இந்தக் கடையிலதான் சோறு திங்கறேன்... ஆனா ஒண்ணுடா. எதிராளி செருப்பை ஒளிச்சு வச்சுட்டு ஓடி ஜெயிச்சு, அந்தப் பணத்துலயே அவரு கூலியையும் குடுப்பியா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் குடுப்ப?

கடைக்காரர்: ...போயிட்டாரா?

அக்கா: இல்ல. வெளிய நின்னு ஷட்டரைத் தடவிப் பாத்துக்கிட்டிருக்காரு. பொறுமையா, ஒவ்வொரு மடிப்பா.

கடைக்காரர்: இன்னுமா?

அக்கா: இப்பத் தெருவுல கால் வைக்கிறாரு.

கடைக்காரர்: அண்ணே! பெயிண்டர் அண்ணே! நில்லுங்க... உள்ள வாங்க.

பெயிண்டர்: என்ன தம்பி?

கடைக்காரர்: தீரல. நான் பொய் சொன்னேன். இந்தாங்க.

பெயிண்டர்: இதுவா? இறகு மாதிரி இருக்கே.

கடைக்காரர்: வரைஞ்ச கைமேல வச்சுப் பாருங்க. கட்டைவிரல் எங்க நிக்குது?

பெயிண்டர்: பட்டன் மேலயே.

கடைக்காரர்: அதான். போனதும் செட்டிங்ஸ்ல இடது க்ளிக்கையும் வலது க்ளிக்கையும் மாத்தச் சொல்லுங்க. முக்கியமா, சுண்டுவிரல் பக்கத்து ரெண்டு பட்டனையும் அணைச்சு வைக்கணும். பழைய பழக்கத்துல விரல் மடங்கி, தெரியாம அமுக்கிடும்.

அக்கா: டேய், சாமானைக் குடு, போதும். உன்னை எப்படிச் சுடறதுன்னும் பாடம் எடுத்து அனுப்புவ போல.

கடைக்காரர்: இரு அக்கா... அண்ணே, இன்னைக்கே மாட்டிடுங்க. கை பழக மூணு நாளாவது வேணும். புது மவுஸ் பழகல, அதான் தோத்தேன்னு அது சொல்லக் கூடாது. நானும் கேக்கக் கூடாது.

பெயிண்டர்: விலை ரெண்டாயிரத்து நூறு இல்ல?

கடைக்காரர்: ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதோட விடுங்க. மூணு மாசம் நடந்ததுக்கு வட்டின்னு வச்சுக்குங்க.

பெயிண்டர்: அந்தப் பேச்சே வேணாம். இந்தாங்க மிச்சம். எறநூத்தி அறுபது, எண்ணிக்குங்க. இந்த மவுசுக்குத் தள்ளுபடி வாங்கினேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க.

அக்கா: சரியா இருக்கு. தம்பி, நோட்டுல அடிச்சுடு.

கடைக்காரர்: அடிச்சாச்சு. தீந்துச்சுண்ணே. நீங்க எனக்குத் தர வேண்டியதும் இல்ல, நான் உங்களுக்குத் தர வேண்டியதும் இல்ல.

பெயிண்டர்: ஞாயித்துக்கிழமை ஆட்டம் மட்டும் பாக்கி.

கடைக்காரர்: ...அப்ப உங்களுக்குத் தெரியும்.

பெயிண்டர்: வரும்போதே தெரியும். இடிதாங்கி நீங்கதான்னு ஊருக்கே தெரியுமே.

கடைக்காரர்: தெரிஞ்சும் என்கிட்டயா வந்தீங்க? ஊர்ல வேற கடையா இல்ல? சரி, அது யாருன்னாவது சொல்லிட்டுப் போங்கண்ணே. பையனா?

பெயிண்டர்: பையனுக்கு அந்தக் கம்ப்யூட்டரை எங்க தட்டினா எரியும்னே தெரியாது. என் சம்சாரம் தம்பி. பார்சல் கிடங்குல மூட்டை பிரிக்கிற வேலை, எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததும் அவதான். உங்ககிட்டதான் வாங்கணும்னு சொல்லி அனுப்பிச்சா. "கேட்டதுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லு. முதல்ல தீந்துபோச்சுன்னுதான் சொல்வாரு. சண்டை போடாம வெளிய வந்து கொஞ்ச நேரம் நில்லு. அவர் ஆட்டமே அதுதான், மொதல்ல ஒளிவாரு, அப்புறம் மனசு கேக்காம வெளிய வந்து நேருக்கு நேரா நிப்பாரு. மூணு தடவையும் அப்படித்தான் என்கிட்ட மாட்டினாரு"ன்னா.