திரும்பி வந்த பொட்டலம்

ஐவி: இல்ல ப்ரியா, நீயே வெச்சுக்கோ. எனக்கு இந்தப் பொட்டலம் வேணாம்.

தமிழ்ப்ரியா: முதல்ல உட்காருங்கக்கா. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்குது, அதுக்குள்ள சண்டையா?

ஐவி: சண்டை இல்ல. திருப்பிக் கொடுக்க வந்தேன். இந்தா, புடி.

தமிழ்ப்ரியா: ஆறு வருசமா நம்ம மூணு பேரும் துணி, நூலு, பட்டன்னு பொட்டலம் கட்டி மாத்திக்கறோம். ஒருத்தராச்சும் திருப்பிக் கொடுத்திருக்கமா? "வந்த பொட்டலத்தை வெச்சுத்தான் ஒட்டுத்துணி பிளாக் தைக்கணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது"… இந்தச் சட்டத்தைப் போட்டது ஆருங்க?

ஐவி: நான்தான் போட்டேன். இப்ப நானே எடுத்துட்டேன்.

தமிழ்ப்ரியா: அப்படியெல்லாம் எடுக்க முடியாதுங்க. லிசா டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க. மூணு பேர் பிளாக்கும் வந்தாத்தான் அவங்க சேர்த்து ஒரு குவில்ட் போர்வையா தைக்க முடியும்.

ஐவி: நீயும் லிசாவும் மட்டும் தைங்க. சின்னதா ஒண்ணு போதும். நான் விட்டுடறேன்.

தமிழ்ப்ரியா: எதை? பொட்டலத்தையா, தையலையேவா?

ஐவி: ரெண்டையும்னு வெச்சுக்கோயேன்.

தமிழ்ப்ரியா: ஏனுங்கக்கா… நான் கட்டிக் கொடுத்ததுல அப்படி என்னதான் தப்பு?

ஐவி: என்ன தப்பா? பிரி, பிரிச்சுப் பாரு. ஒரு துண்டு வெல்வெட்டு. ஒரு துண்டு கார்டுராய். இது… டவலா?

தமிழ்ப்ரியா: டவல்தானுங்க. புதுசு.

ஐவி: இது சாக்கு. சாக்குடி ப்ரியா! அரிசி வந்த சாக்கா?

தமிழ்ப்ரியா: ராகிங்க. ராமாபுரத்துல இருந்து அப்பா அனுப்பினது. ரெண்டு தடவை துவைச்சுத்தான் வெட்டினேன்.

ஐவி: அதோட மைசூர் சில்க் ஒரு துண்டு. ராகி சாக்குக்குப் பக்கத்துல மைசூர் சில்க்கை வெச்சு யாராச்சும் தைப்பாங்களா?

தமிழ்ப்ரியா: நீங்க தைப்பீங்கன்னு நினைச்சேன்.

ஐவி: பட்டனைப் பாரு. ஒண்ணு சதுரம், ஒண்ணு கட்டை, ஒண்ணு சிப்பி. ஒண்ணுக்காவது ஜோடி இருக்கா? நூல்கண்டு எல்லாத்துலயும் முனையில முடிச்சு வேற. ஒண்ணுல ஒரு முடிச்சு, ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல அஞ்சு. யார் கையில கொடுத்து விளையாட விட்ட?

தமிழ்ப்ரியா: நான்தானுங்க போட்டேன்.

ஐவி: எதுக்கு?

தமிழ்ப்ரியா: சும்மா… சிக்காம இருக்கும்னு.

ஐவி: முடிச்சு போட்டா நூல் சிக்காதா? ஹெப்பாள்ல அவ்வளவு பெரிய கம்பெனில வேலை பாக்கற, இதைச் சொல்ல உனக்கே சிரிப்பு வரல?

தமிழ்ப்ரியா: கேள்வி கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்கக்கா.

ஐவி: கலராவது சேருதா? எதுக்கும் எதுக்கும் சம்பந்தமே இல்ல.

தமிழ்ப்ரியா: அப்படிங்களா? எது எதோட சேரலைன்னு சொல்லுங்க, மாத்திடலாம்.

ஐவி: எல்லாமேதான்.

தமிழ்ப்ரியா: பொதுவா சொன்னா எப்படிங்க? இந்த வெல்வெட்டு… இது எதோட சேரல?

ஐவி: …அந்தச் சில்க்கோட.

தமிழ்ப்ரியா: ரெண்டும் ஒரே பச்சைங்கக்கா.

ஐவி: அதான் சொல்றேன்! ரெண்டும் ஒரே பச்சையா இருந்தா எப்படி எடுப்பா தெரியும்?

தமிழ்ப்ரியா: இப்பத்தான் சம்பந்தமே இல்லைன்னீங்க.

ஐவி: என்னைக் குழப்பாத. டீ போடு முதல்ல.

தமிழ்ப்ரியா: போடறேன். சர்க்கரை கிடையாது.

ஐவி: ஏன், வீட்டுல தீந்து போச்சா?

தமிழ்ப்ரியா: சுகர் முந்நூறு காட்டுதுன்னு நீங்கதான சொன்னீங்க, ஈஸ்டருக்கு முன்னாடி.

ஐவி: அது மெஷின் கோளாறு. ரெண்டு ஸ்பூன் போடு.

தமிழ்ப்ரியா: மாட்டனுங்க. ஆமா, ஸ்கூட்டர் சத்தமே கேக்கலயே. எதுல வந்தீங்க?

ஐவி: பஸ்ல. ஸ்கூட்டர் பஞ்சர்.

தமிழ்ப்ரியா: போன மாசமும் பஞ்சர்ன்னீங்க.

ஐவி: அது முன் சக்கரம். இது பின் சக்கரம்.

தமிழ்ப்ரியா: டூட்டி முடிச்சு நேரா வர்றீங்களா?

ஐவி: பின்ன? யூனிஃபார்ம் பாத்தா தெரியல? வார்டு நிறைய ஆளு. உட்காரவே நேரமில்ல.

தமிழ்ப்ரியா: ஊசியெல்லாம் நீங்களேதான் போடறீங்களா?

ஐவி: வாட்ச்மேன் வந்து போடுவானா?

தமிழ்ப்ரியா: இல்லீங்க… மருந்து அளவு, பாட்டில்ல இருக்கற சின்ன எழுத்து, எல்லாம் நீங்களே படிச்சு…

ஐவி: என்னடி இது, போலீஸ் விசாரணை மாதிரி? பொட்டலத்தைப் பத்தி பேச வந்தா ஆஸ்பத்திரியைப் பத்தி கேக்கற.

தமிழ்ப்ரியா: சும்மா கேட்டனுங்க.

ஐவி: பொட்டலம் கட்டறதுன்னா என்னன்னு என்கிட்ட கத்துக்கோ. உனக்கு நான் கொடுத்தது எப்படி இருந்துச்சு? பாத்துப் பாத்து ஒரே நீலமா எடுத்தேன். உள்ள சீட்டு வேற எழுதி வெச்சேன்.

தமிழ்ப்ரியா: "மழைக்கு முந்தின வானம். எல்லாம் நீலம்."

ஐவி: ஹௌது, அதேதான்! அப்படிக் கொடுக்கணும். அதைப் பாத்தா கை தானா தைக்கும். தைச்சிட்டியா?

தமிழ்ப்ரியா: …தைச்சுட்டேன்.

ஐவி: காட்டு.

தமிழ்ப்ரியா: அது லிசா டீச்சர் வீட்டுல…

ஐவி: பொய். இதோ மெஷின் மேலயே இருக்கு. கொடு இங்க.

தமிழ்ப்ரியா: அக்கா, அது இன்னும் அயர்ன் பண்ணலைங்க…

ஐவி: அடடா… வானமேதான். நல்லா வந்திருக்கு ப்ரியா, சும்மா சொல்லல. கீழ நீளமா ஒரு பட்டை வெச்சிருக்க பாரு, அதுதான் ரொம்ப அழகு. என்ன இது, நாத்து மாதிரி தையல் போட்டிருக்க?

தமிழ்ப்ரியா: வயலுங்க. கீழ வயலு, மேல வானம்.

ஐவி: வயலா? எந்த ஊர்ல வயல் நீலமா இருக்கு?

தமிழ்ப்ரியா: அது… டீ கொதிக்குதுங்க.

ஐவி: இந்தத் துணி எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரரோட பழைய நீலச் சட்டை. பாக்கெட்டுல இங்க் கொட்டிடுச்சு, எதுக்கு வீணாப் போகணும்னு முதுகுப் பக்கம் மட்டும் வெட்டிக்கிட்டேன். மிச்சத்தைத் துடைக்கப் போட்டாச்சு.

தமிழ்ப்ரியா: இங்க் கறை எங்கயும் இல்லீங்களே.

ஐவி: அதான் முதுகுப் பக்கம்னேனே. அந்த மனுசன் இப்ப வேற சட்டையைத் தேடி வீட்டை ரெண்டாக்கறார். அவர் அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த புதுப் பச்சைச் சட்டையாம். ஒரே ஒரு தடவை போட்டாராம். பீரோல வெச்சது எங்க போகும்னு நாலு நாளா என்னைப் போட்டுப் படுத்தறார்.

தமிழ்ப்ரியா: அக்கா…

ஐவி: அயர்னுக்குப் போயிருக்கும், அயர்ன்காரர் மாத்திட்டிருப்பார்னு சொல்லி வெச்சிருக்கேன்.

தமிழ்ப்ரியா: அக்கா, அந்த நீலச் சட்டை… இங்க் கொட்டினது… அது இன்னும் வீட்டுல மாட்டியிருக்குதுங்களா?

ஐவி: அதெப்படி மாட்டியிருக்கும்? அதைத்தான் நான்…

தமிழ்ப்ரியா: அந்த வயலை இன்னொரு தடவை நல்லாப் பாருங்க.

ஐவி: உன் வீட்டு லைட் சரியில்ல. மஞ்சள் பல்பு. எல்லாம் வேற மாதிரி காட்டுது.

தமிழ்ப்ரியா: மத்தியானம் மூணு மணிங்க. லைட்டே போடல. அக்கா, ஃபோன் அடிக்குது. உங்க பக்கத்துலதான் கிடக்குது, ஆருன்னு பாருங்க. என் கையில டீப் பாத்திரம்.

ஐவி: நீயே வந்து பாரு.

தமிழ்ப்ரியா: பொங்குதுங்கக்கா, எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க… இல்ல, இல்ல, வேணாம், எடுக்காதீங்க, நானே…

ஐவி: ஹலோ.

லிசா: ப்ரியா, ஐவி வந்தாளா? கண் விஷயம் கேட்டியா, இல்லையா? எனக்குப் பயமா இருக்கு, சொல்லிட்டேன். அவ வாயே திறக்கலைன்னா திங்கக்கிழமை நம்ம ரெண்டு பேரும் நேரா அவ ஆஸ்பத்திரிக்குப் போய் ஹெட் நர்ஸைப் பாத்துடுவோம். ஏதாவது நோயாளிக்கு மருந்து மாத்திப் போட்டுட்டான்னா நம்ம மனசு தாங்குமா… ஹலோ? ப்ரியா?

ஐவி: நான் ஐவி பேசறேன் லிசா. சொல்லு. திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?

லிசா: ஐவி… நான்… நீ டீ குடிச்சியா?

ஐவி: சர்க்கரை இல்லாம கொடுக்கறாங்க. வை ஃபோனை.

தமிழ்ப்ரியா: அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்…

ஐவி: எப்பலருந்து?

தமிழ்ப்ரியா: உங்க பொட்டலம் பிரிச்ச அன்னைக்குங்க. எல்லாம் நீலம்னு சீட்டு. உள்ள நாலு துண்டுல ரெண்டு பச்சை. முதல்ல ஏதோ விடுகதைன்னு நினைச்சேன். ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். லிசா டீச்சர் கூட "ஐவி நம்மளைச் சோதிக்கறா"ன்னு சிரிச்சாங்க. அப்பறம் நீங்க தேதியை மாத்தி அனுப்பின மெசேஜ், பஞ்சர் ஆன ஸ்கூட்டர், சர்ச்சுல பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் புடிச்சது…

ஐவி: எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்.

தமிழ்ப்ரியா: தெரியுமுங்க.

ஐவி: தெரிஞ்சுக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்குப் பின்னாடி மீட்டிங் போட்டிருக்கீங்க. நான் இருபத்தாறு வருஷம் நர்ஸு. ஒரு மருந்து, ஒரே ஒரு மருந்து மாறினது உண்டா? என் பொழைப்புல கை வெக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

தமிழ்ப்ரியா: கேட்டா நீங்க பஞ்சர்ன்னு சொல்வீங்க. லைட்டுன்னு சொல்வீங்க. இப்பக்கூடச் சொன்னீங்க.

ஐவி: அதுக்கு? உளவு பாப்பியா? இந்தச் சாக்கும் டவலும் எதுக்கு, எனக்குக் கண் தெரியுதா இல்லையான்னு டெஸ்ட் பண்றதுக்கா?

தமிழ்ப்ரியா: இல்லீங்கக்கா! சத்தியமா இல்ல. அதைத் தடவிப் பாருங்க. இப்பக் கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க. எது எதுன்னு தெரியுதில்ல? முடிச்சும் அதுக்குத்தான். ஒரு முடிச்சுன்னா சிவப்பு, ரெண்டுன்னா மஞ்சள், அஞ்சுன்னா கறுப்பு. உங்களுக்கு நிறம் குழம்பினாலும் தையல் நிக்கக் கூடாதுன்னுதான் கட்டினேன். எப்படிச் சொல்லிக் கொடுக்கறதுன்னு தெரியாம, சிக்காதுன்னு உளறிட்டேன். திட்டுங்க. ஆனா ஆஸ்பத்திரி விஷயத்துல நான் பின்வாங்க மாட்டனுங்க. இந்த ஊருக்கு வந்த புதுசுல காய்ச்சல்ல பேச்சு மூச்சில்லாம உங்க வார்டுல கிடந்தேன். எனக்குன்னு இங்க ஆருமில்ல. அன்னைக்கு உங்க கையில இருந்த ஊசியை நம்பித்தான் பொழைச்சேன். இன்னைக்கு அந்தக் கட்டில்ல வேற ஆரோ ஒரு பொண்ணு கிடக்கும். அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலைங்க. உங்களைக் காட்டிக் கொடுக்கணும்னு நினைச்சாலும் தூக்கம் வரல. நான் என்னதான் பண்ணட்டும்?

ஐவி: அழாத. டீயில விழுது.

தமிழ்ப்ரியா: நீங்க டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?

ஐவி: காட்டினேன். சுகர் கண்ணுக்கு இறங்கியிருக்காம். மிஞ்சி இருக்கறதைக் காப்பாத்தணும்னா ஊசி போடணுமாம். கண்ணுக்குள்ள. எத்தனை ஆயிரம் பேருக்கு "எறும்பு கடிக்கற மாதிரிதான்"னு சொல்லிப் போட்டிருக்கேன்… எனக்குன்னு வந்ததும் செருப்பைக் கூட ஒழுங்கா மாட்டாம ஓடி வந்துட்டேன்.

தமிழ்ப்ரியா: வீட்டுல அண்ணனுக்குத் தெரியுமா?

ஐவி: அவருக்குச் சட்டை காணோம்னு மட்டும்தான் தெரியும்.

தமிழ்ப்ரியா: நான் வர்றனுங்க உங்ககூட. கண் டாக்டர்கிட்டயும் வர்றேன். அதுக்கு முன்னாடி திங்கக்கிழமை ஹெட் நர்ஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன். லிசா டீச்சர் வேணாம், நாம ரெண்டு பேர் மட்டும்.

ஐவி: தேவையில்ல.

தமிழ்ப்ரியா: இனி ஒரு நாள் கூட நீங்க வார்டுல ஊசியைத் தொடக் கூடாதுங்கக்கா. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்.

ஐவி: யார்கிட்டச் சொல்லுவ? நான் வார்டுக்குப் போய் பதினெட்டு நாளாச்சு ப்ரியா. சிரிஞ்சுல கோடு தெரியல… பக்கத்துல இருந்த பொண்ணு கையில கொடுத்துட்டு, கீழ ஆபீஸுக்குப் போய் இனி வேலைக்கு வரலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். வீட்டுல சொல்ல வாய் வரல. தினம் காலைல இந்த யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு ஹெப்பாள் பஸ்ல ஏறிடுவேன். பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே, யாரும் எதுவும் கேக்கறதில்ல. ரெண்டு தடவை உன் கம்பெனி கேட்டுலயே இறங்கினேன், உன்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாம்னு. வேலை விடற நேரம் வரைக்கும் நின்னேன். கூட்டம் கூட்டமா வெளிய வந்தாங்க. எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி… அதுல நீ எதுன்னு எனக்குத் தெரியலடி.