கங்கையா கேட்ட சொல்

ஒரு சொல்லைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். மற்றபடி உங்கள் ரிப்போர்ட்டில் பெரிய குறை ஒன்றும் இல்லை.

என் பெயர் அசரியா. சித்தூரில் ஆட்டோக்களுக்கு டாப் தைக்கிறேன். ஏரியில் இறந்துபோன பிளெஸ்ஸி என் தம்பி டைட்டஸின் மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் போய்ச் சேர்ந்தாள். தம்பி மஸ்கட்டுக்குப் போனான். பிள்ளையில்லாத நானும் என் மனைவி யூனிஸும்தான் ஒன்பது வருஷம் வளர்த்தோம். அப்பா ஸ்தானத்தில் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். இந்த ஜனவரியில் டைட்டஸ் திரும்பி வந்தான். மூன்றாம் நாளே அவன் டாடி, நான் பெரியப்பா. வயிறு எரிந்தது, சார்.

மஸ்கட்டில் அவன் பாய்மரப் படகு ஓட்டப் பழகியிருந்தான். சென்னையிலிருந்து பழைய சின்னப் படகு ஒன்றை வேனில் கொண்டுவந்து விஜயபுரம் பக்கத்து ஏரியில் விட்டான். பிளெஸ்ஸிக்கு அதே பேச்சாகிவிட்டது. ஜூனில் அவளையும் மஸ்கட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தான்.

ஒருநாள் கடைக்கு வந்தான். "அண்ணா, பாப்பாவுக்கு வெயிலு ஒத்துக்கல, தலவலின்றா. உக்கார்ற எடத்துக்கு மேல ஆட்டோ மாதிரி மடக்கற டாப் ஒண்ணு போட்டுக் குடேன். காத்து ஏறினா மட்டும் டக்குனு மடக்கிடணும். இல்லன்னா படகு கவுந்துடும்" என்றான்.

நல்ல ரெக்சின் போட்டுத் தைத்தேன். வேலையில் குறை வைப்பது என் பழக்கம் இல்லை. தைக்கும்போது கம்பிச் சட்டம் மடங்காமல் நிற்க மூட்டில் ஒரு மரத்துண்டைச் சொருகுவோம். ஆப்பு என்போம். வேலை முடிந்ததும் அதை உருவி எடுப்பது சின்ன வயதிலிருந்தே பிளெஸ்ஸியின் உரிமை. உருவி என் கையில் வைத்து, "நைனா, ஆப்பு" என்பாள். இந்த முறை நான் அதை எடுக்கவில்லை. மேலே ரெக்சினை மூடித் தைத்துவிட்டேன்.

கொலை என்று எழுதிவிடாதீர்கள். அவன் தனியாகப் போகும்போது ஒரு தடவை கவிழ வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு நீச்சல் தெரியும். பயந்து படகை விற்றுவிட்டு, வந்த வழியே தனியாகப் போய்விடுவான் என்று நினைத்தேன். சனிக்கிழமை பிளெஸ்ஸிக்குச் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி இருக்கும். அதனால்தான் சனிக்கிழமை காலையில் ஏரிக்குப் போய் டாப்பைப் பொருத்தினேன்.

டைட்டஸின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவளும் வந்தாள். "இன்னிக்கு பாட்டு கிளாஸ் இல்ல பெரியப்பா. நானும் போறேன்" என்றாள். தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதோடு இன்னொன்றும் தோன்றியது. ஒருமுறை தண்ணீரில் விழுந்து எழுந்தால், டாடியோடு எங்கேயும் போகமாட்டேன் என்று அவளே சொல்லிவிடுவாள் அல்லவா? கையசைத்து அனுப்பிவைத்தேன்.

பதினோரு மணிக்குக் காற்று ஏறியது. டைட்டஸ் டாப்போடு மல்லுக்கட்டியது கரையிலிருந்து தெரிந்தது. படகு கவிழ்ந்தது. அவன் வெளியே வந்தான். அவள் டாப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். இப்போது அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "என் கையி வரலண்ணா, மடக்க முடியலண்ணா" என்று அழுதுகொண்டே கிடக்கிறான். இனி அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கங்கையா, கவிழ்வதற்கு முன்னால் பாப்பா "நைனா, ஆப்பு" என்று கத்தியதைக் கேட்டிருக்கிறார். அவர் தெலுங்குக்காரர். தெலுங்கில் 'ஆப்பு' என்றால் நிறுத்து. நீங்களும் அப்படியே, 'அப்பா, நிறுத்து' என்று படகில் இருந்த தகப்பனிடம் கத்தியதாக எழுதிவிட்டீர்கள்.

அது தப்பு, சார். எங்களோடு அவள் தெலுங்கு பேசமாட்டாள். ரெக்சினுக்குள் அவள் கைக்கு அந்த மரத்துண்டு தட்டுப்பட்டிருக்கிறது. கரையில் நின்ற என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். டைட்டஸ் அவளுக்கு டாடி. கடைசியில் அவள் நைனா என்று கூப்பிட்டது என்னைத்தான். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.