வெளிச்சக் குமிழ்

எனக்கு இருட்டில் வேலை செய்வது பிடிக்கும். அறுவை அறையில் விளக்குகளை அணைத்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த அமைதிக்காகவே இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருந்தேன் என்று உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குள் கத்தி வைக்கும்போது வெளி வெளிச்சம் போதாது. ஊசி போன்ற மெல்லிய விளக்கைக் கண்ணுக்குள்ளேயே நுழைக்க வேண்டும். டாக்டர் வியர்டா ஒரு கையில் விளக்கும் மறு கையில் கருவியுமாக வேலை பார்ப்பார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் என் பொறுப்பு. அது முப்பது சதவீதத்தில் நிற்க வேண்டும். அதிக வெளிச்சம் அதிக நேரம் பட்டால் விழித்திரையின் நடுப்பகுதி வெந்துபோகும். இதை நானே புது நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் டாக்டர், "இன்னும் கொஞ்சம் கூட்டு, ஹிஸ்கே" என்றார். மறுவாரமும் கேட்டார். ஒருநாள் காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். நான் துடைத்துவிட்டேன். அவருக்குப் பார்வை மங்குகிறது என்று புரிந்தது. அவ்வளவு நல்ல மனிதரை அதற்காக வீட்டுக்கு அனுப்புவதா? எனக்கு மனசு வரவில்லை. அதன்பின் அவர் கேட்காமலே கூட்டினேன். எண் தெரியும் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். எச்சரிக்கை ஒலியையும் நிறுத்தினேன், அது அவர் கவனத்தைக் கெடுத்தது.

பாலக்காவலர் ட்யாலிங்கைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வாய்க்காலில் படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுபவர். அவருக்கு அறுவை நடந்த அன்று குமிழ் எண்பத்தைந்தில் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் அவர் விழித்துத்தான் இருந்தார். துணிக்கு அடியிலிருந்து, "நடுவுல சூரியன் மாதிரி எரியுதும்மா. கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?" என்றார்.

"பேசாதீங்க ட்யாலிங். அசைஞ்சீங்கன்னா வேற வினை வந்துடும்" என்றேன்.

நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். என் இடது கை அவர் கையில் இருந்தது, வலது கை குமிழில். அவர் என் விரல்களை இறுக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார். நாற்பது நிமிடம்.

இரண்டு மாதம் கழித்துச் சைக்கிளில் பாலத்தைக் கடந்தபோது வணக்கம் சொன்னேன்.

"யாரு, ஹிஸ்கேவா? கொரல வெச்சுத்தான் தெரியுது. ஒம் மொகம் இருக்கவேண்டிய எடத்துல ஒரு கரி வட்டம். காது ரெண்டும் ஜோராத் தெரியுது, போ" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படகு வர்றது தெரியுது. பேரு படிக்க முடியல. இந்த மாசத்தோட என்னை நிறுத்துறாங்க" என்றார்.

வயதானால் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன். அவருக்கு ஐம்பத்தெட்டு. அன்று கையைப் பிடித்திருந்ததற்காக ஒரு சர்க்கரை ரொட்டி கொடுத்தனுப்பினார். நன்றாக இருந்தது.

இப்படி நடுப்பார்வை போனவர்கள் அவரையும் சேர்த்து ஒன்பது பேர். அத்தனை பேருக்கும் குமிழைத் திருப்பியவள் நான்தான். எண் எவ்வளவில் நின்றது என்று டாக்டருக்குத் தெரியாது. ஆனால் கேடு நினைத்துச் செய்யவில்லை. வெளிச்சம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்றுதான் மனதார நம்பினேன்.

போன வசந்தத்தில் என் விழித்திரையிலேயே ஓட்டை விழுந்தது. டாக்டர் வியர்டா மறுநாளே செய்துவிடலாம் என்றார். நான் குரோனிங்கன் நகரத்துக்குப் போய் வேறு டாக்டரிடம் செய்துகொண்டேன். அங்கே படுத்தபடி, குமிழருகே நின்ற பெண்ணிடம், "முப்பதைத் தாண்டிடாதேம்மா" என்று மூன்று முறை கெஞ்சியதாக அவள் சொல்கிறாளாம். உண்மைதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெளிச்சம் பட்டால் கண் கூசும்.