சிவப்பு மூடிக் களைக்கொல்லி

எதை வாங்கினாலும் அதன் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தை முதலில் படிப்பது என் வழக்கம். ரொட்டிப் பொட்டலமானாலும் சரி, இருமல் மருந்தானாலும் சரி. காலமெல்லாம் காப்பீட்டு நிறுவனத்தில் குப்பை கொட்டியவன் நான்; பொடி எழுத்தைப் படிக்காதவர்களின் புண்ணியத்தில்தான் இண்டியானாவில் இந்த வீடே எழும்பியது. காபி எடுத்துக்கொள்ளுங்கள், ஓப்பல். குடியிருப்போர் சங்கத் தலைவி என்ற முறையில் என்ன கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். போன வாரம் என் புல்வெளியில் நீங்கள் படம் பிடித்துக்கொண்டு போன அந்தக் காய்ந்த காலடித் தடங்களைப் பற்றித்தானே? சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு டென்னி ஸ்லோன் நல்லவன். பனி கொட்டும் காலத்தில் என் வாசலையும் சேர்த்து அவனே வழித்துவிடுவான். அவனுடைய ஒரே மகள் ஹேலிக்கு நாளை கல்யாணம். தேவாலயமெல்லாம் வேண்டாம், நான் நடைபழகிய புல்வெளியில்தான் மோதிரம் மாற்றிக்கொள்வேன் என்று சின்ன வயதிலிருந்தே அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடையில் ஒருநாள் டென்னி வேலியோரம் வந்து நின்றான்.

"யோவ் ராய்ஸ், கல்யாணத்துக்கு மூணு வாடகைக் கக்கூஸ் வருதுய்யா. உன் வேலியோரமா வெச்சுக்கறேன். அங்கதான் தரை சமமா இருக்கு."

"அது எங்க சமையலறை ஜன்னலுக்கு நேரால்ல வரும்?"

"ஒருநாள் கூத்துதானேய்யா. ஜன்னலைச் சாத்திக்கோ."

சரி என்றேன். சிரித்தும் வைத்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதற்காகத்தான்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் டென்னி ஒரு வேலை செய்வான். களை மண்டிய இடங்களில் களைக்கொல்லி அடிப்பான். வாடியதும் வாரியெடுத்துவிட்டுப் புல்விதை தூவுவான். அந்த மருந்தில் கிளைபோசேட் இருந்தது. மேலே பட்ட செடியைக் கொல்லும், அடுத்து முளைக்கிற விதையை ஒன்றும் செய்யாது. செப்டம்பர் முடிவதற்குள் அவன் தரை பச்சைப்பசேலென்று ஆகிவிடும். இந்த ஆண்டும் ஒரு புட்டி வாங்கி வந்தான். அதே பெயர், அதே சிவப்பு மூடி, அதே மஞ்சள் பூப் படம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கிளைபோசேட்டைக் காணோம். அதற்குப் பதிலாக வாயில் நுழையாத பெயரோடு வேறு சில சரக்குகள் குடியேறியிருந்தன. அவற்றில் ஒன்று மண்ணைப் பிடித்தால் லேசில் விடாத ரகம். புட்டியோடு ஒட்டியிருந்த சிறு கையேட்டை உரித்துப் பார்த்தால், அடித்த இடத்தில் நான்கு மாதத்துக்குப் புல்விதை போடக் கூடாது என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள்.

"என்னய்யா அப்படி முறைச்சுப் பாக்கறே? அதே சரக்குதானே?" என்றான் டென்னி.

"பேரு அதேதான்" என்றேன்.

இதில் ஒரு சொல்லாவது பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த வாரம் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நீயே அடிச்சு விட்டுடுய்யா. உன்னை மாதிரி ஜாக்கிரதையான ஆளு இந்தத் தெருவுலயே கிடையாது" என்றான். அந்த நம்பிக்கையை நான் வீணாக்கவில்லை. காற்று அடங்கிய காலை நேரமாகப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டேன். அவனுடைய நாயை வீட்டுக்குள் அடைக்கச் சொன்னேன். வாயில்லா ஜீவனுக்கு ஒன்றென்றால் எனக்குப் பொறுக்காது. களை இருந்த இடங்களில் டென்னி அடையாளத்துக்குச் சின்னத் துணிக்கொடிகள் நட்டு வைத்திருந்தான். கொடிக்குக் கொடி அடித்தேன். நடுவில் இருந்த நல்ல புல்லை மட்டும் விட்டுவைத்தால் திட்டுத்திட்டாகத் தெரியுமே என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். ஹேலி நடந்து வரப்போகும் பாதை, மலர் வளைவு நிற்கப்போகும் இடம், இரண்டும் அதில் அடங்கிவிட்டன. முடிந்ததும் புட்டியை இறுக்கி மூடி, குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வைத்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மருந்து காய்கிறவரை அதன்மேல் நடக்காதே என்று ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். ஆனால் வீட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஈரச் செருப்போடு என் புல்வெளியைக் குறுக்கே கடந்து பின்வாசல் படி ஏறிவிட்டேன். எத்தனை கவனமானவனுக்கும் ஓர் இடத்தில் சறுக்கும்.

அவன் புல் வாடியது. வாரினான், விதை தூவினான், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். ஒன்றுகூட முளைக்கவில்லை. நடனம் ஆடுகிற கூடம் அளவுக்குத் தரை மொட்டையாகக் கிடந்தது. ஒருநாள் ஹேலி அதன் நடுவில் உட்கார்ந்து அழுததை இந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. அதே நாட்களில் என் புல்லிலும், அவன் எல்லையிலிருந்து என் படிவரை, பழுப்பாக ஒவ்வொரு காலடியாக எழும்பி வந்தது.

டென்னி அதைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினான். "ஐயோ, என்ன நோயோ, உனக்கும் ஒட்டிக்கிச்சேய்யா. எனக்கு உதவப் போயி உன் புல்லும் போச்சு" என்று அன்று மாலை வீட்டில் சுட்ட ஆப்பிள் பை பலகாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நன்றாக இருந்தது. என் மனைவி மார்வா மட்டும் சாப்பிடவில்லை. முழங்கால் அறுவைக்குப் பிறகு என் இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. தடத்திலும் அப்படியே இருந்தது.

"ராய்ஸ், இந்தக் காலைத்தான் ஆறு மாசம் பிடிச்சு விட்டேன். எனக்கே காது குத்தறியா? நீயா போய்ச் சொல்லு, இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றாள். உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான் என்று ஊகிக்கிறேன். கோபம் இல்லை.

வேறு வழியில்லாமல் போன வாரக் கடைசியில் டென்னி வந்து, கல்யாணத்தை என் புல்வெளியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். கழிப்பறைகளை அவன் மொட்டைத் தரையின் அந்தக் கோடியில் வைப்பதாக அவனே சொன்னான். நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்காகத்தான் இன்று மதியம் அந்தத் தடங்களின்மேல் புல்லுக்கு அடிக்கிற பச்சைச் சாயம் அடித்தேன். விட்டுப்போன இடம் தனியாகத் தெரியுமே என்று மீதிப் புல்லுக்கும் அடித்தேன். வரும்போது பார்த்திருப்பீர்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது. நாளை ஹேலியின் வெள்ளை உடை அதன்மேல் இரண்டு முழம் புரளும்போது கண்கொள்ளாக் காட்சியாகத்தான் இருக்கும். ஒருநாள் முழுவதும் காய வேண்டும், அதற்குள் நனைந்தால் துணியில் ஏறும், ஏறினால் போகாது என்று சாய டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. டென்னி கேட்டது இடத்தை மட்டும்தான். சாயத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜன்னலைச் சாத்திவிடட்டுமா, ஓப்பல்? தூற ஆரம்பித்துவிட்டது.